கல்லும் கட்டையும் காகிதமும்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் பதுளையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





கலையைப் பற்றி ஏதேனும் பேசுக என்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, பண்ணிசையையோ பரதத்தையோ நாம் எடுத்துக்கொள்வோம் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அச்சுச் சித்திரம். கேட்டவுடன் அவர் சிறிது தயங்கினார். "அது அச்சகத்துக்காரரின் தொழில் அல்லவா?" என்றார். அந்தத் தயக்கத்தையே இவ்வுரைக்கு வாயிலாக வைத்துக்கொள்கின்றோம். கற்றோர் நிறைந்த இவ்வவையிலே, இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவராகிய நாம் பேசுவதிற் குற்றங் குறைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

எமது வேண்டுகோளை முதலிலேயே கூறிவிடுகின்றோம். ஊவாத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த ஒரு சித்திரக்காரரின் அச்சுச் சித்திரங்களை, நம் நகர வாசிகசாலையிலே மக்கள் பார்வைக்கு வைக்க நமது சங்கம் முன்வரல் வேண்டும். அச்சுச் சித்திரம் ஏன், வாசிகசாலை ஏன், இந்து வாலிபராகிய நமக்கு இதில் என்ன வேலை என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறுவதே எமது கடமை.

அன்பர்களே, பதுளையிலே அச்சுச் சித்திரத்தைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நம் வாசிகசாலை வளவிலே ஒரு கற்றூண் நிற்கின்றது. அதனருகால் எத்தனையோ முறை போய் வந்திருக்கின்றோம். நின்று பார்த்தவர் நம்மிற் சிலரே. அது பத்தாம் நூற்றாண்டிலே ஆட்சிபுரிந்த நான்காம் உதய மன்னன் காலத்தது. 1857 இல் மகியங்கனைப் பக்கத்துச் சொரபொர வாவியருகே கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொணரப்பட்டது. ஹோபிட்டிகம என்னும் சந்தைக் கிராமத்து வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைதவறித் தம்மை வருத்துவதை மன்னனிடம் முறையிட்டனர். மன்னன் அதனைக் கேட்டு வகுத்த ஒழுங்குகளே சிங்கள மொழியில் அத்தூணிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு முன் சாதாரண மக்கள் இட்ட முறைப்பாடு ஒன்று கல்லிலே நின்று இன்றும் பேசுகின்றது.

கல்வெட்டு ஆராய்ச்சியாளர் இத்தகைய கல்லை எவ்வாறு படி எடுக்கின்றனர்? நனைத்த காகிதத்தைக் கல்லின்மேற் பரப்பித் தூரிகையால் அடித்து எழுத்துக் குழிகளுக்குள் அழுத்துவர். பின்னர் மேலே மையை ஒற்றுவர். மேடான இடமெல்லாம் கறுக்கும். குழியான எழுத்து வெள்ளையாய் நிற்கும். அதனை மைப்படி என்பர். அன்பர்களே, அச்சுச் சித்திரத்தின் தத்துவம் பெரும்பாலும் இவ்வளவே. ஒரு பரப்பிலே மேடும் பள்ளமும் உண்டாக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுப்பது.

மரக்கட்டையைச் செதுக்கி எடுப்பது மரவெட்டுச் சித்திரம். தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியம் என்னும் மென்தகட்டைக் கீறி எடுப்பது லினோ வெட்டு. செப்புத் தகட்டிலே கோடு கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்து, பள்ளத்தில் நிற்கும் மையை அழுத்தி எடுப்பது செதுக்கச்சு. சுண்ணக் கல்லிலே நெய்ப்பசையுள்ள கோலால் எழுதி, எண்ணெயும் நீரும் கலவா என்னும் இயற்கையைக் கொண்டு படி எடுப்பது கல்லச்சு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. சித்திரம் ஒன்றானாலும் படி பலவாகும். இருபது படி எடுத்தால் இருபதும் மூலமே; ஒன்று மற்றொன்றின் நகலன்று. சித்திரக்காரர் ஒவ்வொன்றின் கீழும் எத்தனையில் எத்தனையாவது படி என்று பென்சிலால் இலக்கமிட்டுத் தமது பெயரை எழுதுவார். "ஒன்று பலவாதல்" என்னும் இப்பண்பை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். இவ்வுரையின் உயிர்நாடி அதுவே.

இனி, இந்து வாலிபருக்கு இதில் என்ன வேலை என்னும் வினா. நம் தோட்டத்து லயங்களிலே சுவாமி படம் இல்லாத காம்பரா உண்டா? எமது பாட்டியார் வீட்டிலே ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியின் தாள்களைத்தான் கிழித்தெறிவார்கள். முருகன் படத்தை எறியமாட்டார்கள். கீழே கடைக்காரரின் பெயர் அப்படியே இருக்க, பழைய ஆண்டுகளின் முருகனும் இலக்குமியும் பிள்ளையாரும் சுவரிலே வரிசையாக நின்று சாம்பிராணிப் புகை ஏற்றிருந்தனர். அவை யாவும் அச்சுப் படங்களே.

அவற்றின் வரலாறு சுவையானது. கிளிமானூர் ரவிவர்மா (1848-1906) எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய தெய்வப் படங்களை அரண்மனையிலும் செல்வர் மாளிகையிலுமே காணக்கூடியதாயிருந்தது. 1894 இற் பம்பாயிலே அவர் பெயரால் ஒரு கல்லச்சுக்கூடம் தொடங்கிற்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லாகப் பல கற்களில் அடுத்தடுத்து அழுத்தி எடுத்த படங்கள், சரஸ்வதியையும் இலக்குமியையும் ஏழை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தன. கோயில் வாயிலைத் தாண்ட அனுமதியாது எத்தனையோ மக்களைத் தடுத்துவைத்திருந்த காலம் அது. திருவிதாங்கூரிலே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 இலேதான். அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்னரே, கோயிலுக்குள் நுழைய இயலாதவரின் குடிசைக்குள் தெய்வம் காகிதத்தில் நுழைந்துவிட்டது. தமிழ்நாட்டிலே, சென்னைச் சித்திரப் பள்ளியிற் பயின்று, ரமணர் ஆச்சிரமத்திற் சிலகாலம் தங்கி, நாடகத் திரைகள் எழுதி, இறுதியிற் கோவிற்பட்டியில் நிலைத்த கொண்டையராஜு (1898-1976) வரைந்த தெய்வ உருவங்கள் சிவகாசியில் அச்சாகி ஊரெங்கும் நாட்காட்டிகளாகப் பரந்தன. "ஒன்று பலவாதல்" என்னும் அச்சின் பண்பு நம் வழிபாட்டுக்குச் செய்த தொண்டு இது.

எழுத்துக்குச் செய்த தொண்டையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மிசன் பாடசாலையிலே படித்தவர் நாம். விவிலியக் கதைகளை எழுத்தறியுமுன்னரே படங்களால் அறிந்தவர். அச்சின் வலிமையை அப்பாடசாலையிலேயே முதலில் உணர்ந்தோம் என்று கூற வெட்கப்படவில்லை. ஏனெனில் நமக்கு முன்னர் அதனை உணர்ந்தவர் ஆறுமுக நாவலர் (1822-1879). அவரும் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் உதவியவர். அவ்விடத்தை விட்டு வெளிவந்தபின் வெறும் கண்டனத்தோடு அவர் நிற்கவில்லை. 1849 இற் சென்னை சென்று ஓர் அச்சியந்திரத்தைக் கொண்டுவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். பிறர் கையிலிருந்த கருவியைத் தம் கையில் எடுத்ததே அவர் செய்த பெருங்காரியம். மலையகத்திலும் அவ்வாறு செய்தோர் உண்டு. கோ. நடேசையர் தொழிலாளருக்காகப் பத்திரிகைகள் நடத்தினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் 1940 இலே தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கி அச்சிட்டுத் தோட்டத்து மக்களிடம் பாடிப் பரப்பினார். ஆகவே அச்செழுத்து நம்மவர் கைக்கு வந்தது. அச்சுச் சித்திரம் இன்னும் வரவில்லை என்பதே எமது முறைப்பாடு.

சிறிது எண்ணிப் பாருங்கள். நம் மக்களின் உருவத்தை இதுவரை வரைந்தவர், படமெடுத்தவர், அச்சிட்டவர் யார்? கொழும்புக் கடைகளிலே வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்கு விற்ற தபால் அட்டைகளிலே நம் பாட்டியரும் பூட்டியரும் கூடை சுமந்து நின்றார்கள். கீழே "தமிழ்க் கூலி" என்றோ "கொழுந்து பறிக்கும் பெண்" என்றோ எழுதியிருக்கும். பெயர் இராது. தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் அதே பெண் புன்னகை செய்தாள். அவளுக்கும் பெயரில்லை. உலகமெங்கும் பலகோடி படியாகப் பெருகிய முகம், ஆனால் ஊரும் பேருமற்ற முகம்.

மற்றொன்றையும் கேளுங்கள். தேயிலையை மரப்பெட்டியில் ஏற்றிய காலத்திலே, தொழிற்சாலையில் எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து மைபூசித் தோட்டத்தின் பெயரையும், தேயிலையின் தரத்தையும், நிறையையும் பதிப்பார்கள். அதுவும் ஓர் அச்சுக் கலையே. அதனைச் செய்த கை நம்மவர் கை. நாளொன்றுக்கு எத்தனையோ பெட்டிகளிற் பெயர் பதித்த அக்கை, தன் பெயரை ஒரு பெட்டியிலேனும் பதித்ததில்லை. மரப்பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்துவிட்டது. அந்தக் கை இன்னும் தன் பெயரைப் பதிக்கவில்லை.

பிற நாடுகளிலே இது எவ்வாறு நிகழ்ந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியிலே கேத்தே கொல்விற்ஸ் (1867-1945) என்னும் அம்மையார் இருந்தார். கணவர் பேர்லினிலே தொழிலாளர் குடியிருப்பில் வைத்தியர். மருந்துக்கு வந்து காத்திருந்த பெண்களின் முகங்களை அம்மையார் கண்டார். 1844 இற் சிலேசிய நெசவாளர் பசி பொறாது கிளர்ந்தெழுந்த கதையை ஆறு அச்சுச் சித்திரங்களாக ஆக்கினார். 1898 இற் பேர்லின் கண்காட்சியில் அவற்றுக்குப் பரிசளிக்க நடுவர் பரிந்துரைத்தும் ஜெர்மனியச் சக்கரவர்த்தி மறுத்துவிட்டார். பரிசு மறுக்கப்பட்டாலும் படிகள் பயணஞ் செய்தன. அவை சீன தேசத்தையும் எட்டின. அங்கே எழுத்தாளர் லூ சுன், 1931 ஓகஸ்ட் மாதம், சங்காய் நகரிலே பதின்மூன்று மாணவரைக் கூட்டி ஆறு நாள் மரவெட்டு வகுப்பு நடத்தினார். கற்பித்தவர் ஒரு புத்தகக் கடைக்காரரின் தம்பியாகிய ஜப்பானியர்; மொழிபெயர்த்தவர் லூ சுன் அவர்களே. கத்தி, பலகை, காகிதம் ஆகிய மூன்றே செலவு. அச்சிறு வகுப்பிலிருந்து சீனம் முழுவதும் ஒரு சித்திர இயக்கம் பரந்தது. பெரிய மண்டபமோ பெருநிதியோ அதற்கு வேண்டியிருக்கவில்லை என்பதை நம் பொருளாளர் அவர்கள் கவனிப்பாராக!

நமக்கு அண்மையில் வருவோம். 1927 நவெம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது நம் பதுளைக்கும் வந்து பேசினார். அதற்கு மூன்றாண்டுக்குப் பின், 1930 இல், உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தண்டியை நோக்கி நடந்தார். சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ் அந்நடையை ஒரு லினோ வெட்டாகச் செதுக்கினார். கறுப்புப் பரப்பிலே சில வெள்ளைக் கோடுகள், கையிலே தடி, முன்வைத்த கால். வேறொன்றுமில்லை. காந்தியடிகளின் எத்தனையோ புகைப்படங்கள் இருந்தும், அந்த நடை என்றவுடன் பலர் மனக்கண்முன் எழுவது அவ்வுருவமே. குறைந்த கோடு நிறைந்த பொருளைத் தரும் என்பதற்கு அது சான்று.

வங்காளத்திலே சித்தபிரசாத் (1915-1978) என்னும் சித்திரக்காரர். எந்தச் சித்திரப் பள்ளியிலும் பயிலாதவர். 1943 இற் பெரும் பஞ்சம் வந்தபோது மேதினிப்பூர் மாவட்டத்திலே நடந்து திரிந்து, பசியால் வாடியோரைக் கறுப்பு மையால் வரைந்து, "பசித்த வங்காளம்" என்று பொருள்படும் தலைப்பிலே நூலாக வெளியிட்டார். ஆங்கில அரசு ஐயாயிரம் படிகளைப் பறித்துத் தீயிட்டது. ஆயினும் ஒரு படி அவர் குடும்பத்தாரிடம் தப்பிப் பிழைத்தது. அதிலிருந்து 2011 இல் நூல் மீண்டும் அச்சாயிற்று. ஒரேயொரு மூலப்படமாக இருந்திருப்பின் தீயோடு கதை முடிந்திருக்கும். ஒன்று பலவானதால் அப்பஞ்சத்தின் சாட்சி பிழைத்தது. அவர் பின்னர் பம்பாயிலே குடியேறி, வேலை செய்து பிழைக்கும் சிறுவரைப்பற்றி லினோ வெட்டுத் தொடர் ஒன்றைச் செய்தார். தேவதைக் கதை கேளாத பிள்ளைகள் என்பது அதன் கருத்து. நம் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளை அறிந்த எவரும் அச்சித்திரங்களின் முன் நெடுநேரம் நின்றுவிடுவர்.

இவ்விடத்திலே பெரியவர் ஒருவர் எம்மிடம் கூறிய மறுப்பை எடுத்துரைக்கவேண்டும். அவர் தோட்டத்திலே பிறந்து, தம் மக்களைப் படிப்பித்து ஆளாக்கியவர். எமது எண்ணத்தைக் கேட்டு அவர் மகிழவில்லை. "தம்பி, லயத்தையும் கூடையையும் கிழிந்த சேலையையும் மறக்கத்தானே பிள்ளைகளைப் படிப்பித்தோம். அதையே படமாக்கிச் சட்டம் போட்டு நகரத்தார் முன் தொங்கவிட வேண்டுமா? எங்கள் வறுமை பிறருக்கு வேடிக்கையா?" என்றார். அன்பர்களே, நாம் வாயடைத்து நின்றோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் சொன்னதிற் பாதி உண்மை என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கின்றோம். அழுக்கையும் அழுகையையும் மட்டும் காட்டும் கண்காட்சி, பழைய தபால் அட்டையின் மறுபதிப்பேயாகும். வெள்ளைக்காரர் புன்னகையை விற்றார். நாம் கண்ணீரை விற்போம். வேறுபாடு அவ்வளவே.

மற்றப் பாதிக்கு எமது விடை இது. சித்தபிரசாத் தாம் வரைந்த மனிதரின் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தார். தபால் அட்டைக்காரர் அதைச் செய்யவில்லை. வரையப்பட்டவர் "கூலி" ஆகின்றாரா, இன்னாரின் மகள் இன்னார் ஆகின்றாரா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. பெயர் உள்ள இடத்திலே வேடிக்கை இல்லை. மேலும், வரைய வேண்டியவை வறுமை மாத்திரமா? காமன் கூத்திலே ரதியும் மதனும் ஆடும் இரவு, பிரட்டுக்களத்து விடியற்பனி, தப்பு அடிப்பவரின் தோள், கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் தாத்தாவின் விரல், நமுனுகுல மலைமேல் மழை இறங்கும் விதம், தெமோதரைப் பாலத்திலே ரயில் வளையும்போது யன்னலில் எட்டிப்பார்க்கும் பிள்ளை — இவையெல்லாம் நம்முடையவை. இவற்றை நம்மவர் கண்ணால் கண்டு நம்மவர் கையாற் செதுக்கிய சித்திரங்கள் பெருக வேண்டாமா?

இன்னுமொன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மனிதரோடு, அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்த கலியாணப் படமும் தகரப் பெட்டியிலிருந்த பத்திரங்களும் மண்ணுக்குள்ளே போயின. பத்திரிகைகளிலே பின்னர் வந்தவை பெரும்பாலும் மண்ணின் படங்கள். இறந்தோர் எவ்வாறு இருந்தனர், எவ்வாறு சிரித்தனர் என்பதற்கு அவர்தம் உறவினர் கையில் என்ன மிஞ்சிற்று? மறந்துவிடுவது மேன்மைக்கு வழி என்று அப்பெரியவர் நினைத்தார். மறக்கும் உரிமை நமக்கு உண்டுதான். ஆனால் நாம் மறக்குமுன் மண் மூடிவிடுகின்றதே! இருபது வீட்டில் இருபது படி இருக்குமாயின், ஒரு வீடு போனாலும் முகம் போகாது. இவ்விடையை நாம் சொன்னபோது பெரியவர் உடனே இசையவில்லை. சிறிது நேரம் கழித்து, "அப்படியானால் என் தாயாரின் முகத்தை யாராவது செதுக்குவார்களா? அவருக்குப் படமே கிடையாது. நான் சொல்லச் சொல்ல வரையவேண்டும்," என்றார். எமக்குக் கிடைத்த இசைவு அதுவே. அதற்குமேல் வேண்டுவதில்லை.

இறுதி வினா, வாசிகசாலை ஏன் என்பது. அச்சுச் சித்திரம் புத்தகத்தின் உடன்பிறப்பு. காகிதமும் மையும் இரண்டுக்கும் பொது. சீனத்திலே 868 ஆம் ஆண்டு அச்சிடப்பட்ட வச்சிர சூத்திரத்தின் முகப்பிலேயே மரவெட்டாற் பதித்த புத்தர் உருவம் இருக்கின்றது. எழுத்தும் சித்திரமும் ஒரே முறையாற் பிறந்தவை. பெரிய ஓவியத்துக்குப் பெரிய மண்டபம் வேண்டும். அச்சுச் சித்திரத்தைக் கையெட்டும் தூரத்தில் நின்று, புத்தகம் வாசிப்பதுபோல வாசிக்கவேண்டும். மேலும் வாசிகசாலையின் படியேறப் பாடசாலைச் சீருடையோ பழைய செருப்போ தடையன்று. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பத்திரிகை பார்க்க ஒரே மேசையில் அமரும் இடம் நம் நகரில் அதுவே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைவுகூர்க. 1981 மே மாத இறுதி இரவிலே தீயிடப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அச்சிட்ட நூல்களுட் பலவற்றை வேறிடங்களிலிருந்து மீண்டும் தேடிப் பெறலாம். படியில்லாத ஏடுகள் போனவை போனவையே. அந்நூலகம் புதுப்பிக்கப்பட்டபின், 2004 இலே, "அகம் புறம்" என்னும் தற்காலச் சித்திரக் கண்காட்சி அதே கட்டடத்தில் நடந்தது. எரிந்த நூலகம் மக்களை மீண்டும் அழைத்ததிற் சித்திரத்துக்கும் ஒரு பங்கிருந்தது. அதில் ஈடுபட்ட ஓவியர் தா. சனாதனன் 2011 இல் ஒரு நூல் வெளியிட்டார். முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் பெயரின் பொருள். போரால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாகிய எண்பது பேர், தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து கோடாகக் கீறிக் காட்ட, அவ்வீட்டு வரைபடங்களையும் தம் சித்திரங்களையும் சேர்த்து அவர் நூலாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு.

அன்பர்களே, அந்நூலைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஓர் எண்ணம் எம்மை வாட்டும். மலையகத்துக்கு அத்தகைய தோம்பு ஒன்று எழுதினால் அதில் என்ன இருக்கும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே காம்பராவே இருக்கும். உறுதியும் இல்லை, காணியும் இல்லை. 1948 இற் பிரசாவுரிமை போயிற்று. 1964 இலே இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தனர். எஞ்சி நாடற்றிருந்தோர்க்குச் சட்டம் 2003 இலேதான் வழிவிட்டது. இத்தனை காலமும் காகிதத்தாலேயே அலைக்கழிக்கப்பட்ட மக்கள் நாம். ஆனால் ஒரே அளவான அக்காம்பராக்களுக்குள்ளே ஒரே மாதிரியான வாழ்க்கை நடந்ததா? ஒருவர் சுவரிலே முருகன், ஒருவர் சுவரிலே மாதா, ஒருவர் சுவரிலே எம்.ஜி.ஆர்.; ஒரு மூலையிலே தையல் இயந்திரம், ஒரு மூலையிலே மிருதங்கம். வரைபடம் காட்டாத அந்த வேறுபாட்டைச் சித்திரமே காட்டும். மலையகத்திற் பிறந்து பல்கலைக்கழகத்திற் சித்திரம் பயின்று, தேயிலையையும் லயத்தையும் தம் பொருளாகக் கொண்ட இளம் ஓவியர் இன்று தோன்றியுள்ளனர். அவர்தம் படைப்பைக் கொழும்பார் காண்கின்றனர், வெளிநாட்டார் காண்கின்றனர். வரையப்பட்டவரின் ஊரார் காண்பதற்குத்தான் இடமில்லை. அவ்விடத்தை நம் வாசிகசாலை தரட்டும் என்கின்றோம்.

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைக்கும் யோசனைகள் சில. முதலாவது, கண்காட்சியிலே வரையப்படும் ஒவ்வொருவரிடமும் இசைவு பெற்று, அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு சித்திரத்திலும் ஒரு படி வரையப்பட்டவர் வீட்டுக்கும், ஒரு படி வாசிகசாலைக்கும் உரியதாதல் வேண்டும். மூன்றாவது, எஞ்சிய படிகளைத் தொழிலாளி ஒருவரும் வாங்கக்கூடிய விலைக்கு விற்றல் வேண்டும். நாட்காட்டிப் படத்துக்குப் பக்கத்திலே அவையும் தொங்கட்டும். நான்காவது, ஒளிப்பதிவுப் படி ஒன்றை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் இணைய நூலகத்துக்கு அளித்தல் வேண்டும். ஐந்தாவது, கண்காட்சி நடக்கும் சனிக்கிழமைகளிலே பிள்ளைகளுக்குப் பயிற்சி வைத்தல் வேண்டும். லினோவும் உளியும் பின்னர் வரட்டும். முதலில் வெலிமடை உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி அதிலே செதுக்கிப் பதிக்கலாம். அழுத்த இயந்திரம் இல்லையே என்று கவலை வேண்டாம். கரண்டியின் முதுகு போதும். எழுத்தைத் தலைமாறாகச் செதுக்கினாற்றான் காகிதத்தில் நேராக விழும் என்பதைத் தன் பெயரைப் பதிக்கும் பிள்ளை முதல் நாளே கற்றுக்கொள்ளும்.

காலம் எது என்று கேட்பீர்கள். நவராத்திரி என்பதே எமது விடை. சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை வைக்கின்றோம், ஆயுதத்தையும் வைக்கின்றோம். தோட்டத்திலே கவ்வாத்துக் கத்தியையும் மண்வெட்டியையும் பொட்டிட்டு வைத்து வணங்குவதைக் கண்டு வளர்ந்தவர் நாம். இரண்டு தலைமுறையாக, புத்தகம் பிடித்த பிள்ளை கத்தி பிடித்த தந்தையிடமிருந்து விலகிப்போவதே படிப்பு என்று எண்ணிவிட்டோம். செதுக்குளியோ இரண்டுக்கும் நடுவே நிற்பது. அது ஆயுதமுமாகும், எழுதுகோலுமாகும். வரும் நவராத்திரியிலே, நம் வாசிகசாலை மேசைமேல் ஏடும் கவ்வாத்துக் கத்தியும் செதுக்குளியும் ஒன்றாக இருக்க, சுற்றிலும் நம்மவர் முகங்கள் தத்தம் பெயரோடு விளங்க, வெளியே வளவிலே ஆயிரம் ஆண்டு முறைப்பாட்டைச் சுமந்த கற்றூண் நிற்க, அப்பெரியவர் தம் தாயாரின் சித்திரத்தின் முன் வந்து நிற்கும் நாளைக் காண விரும்புகின்றோம்.

அதற்கு வேண்டியது பெரும்பொருளன்று. உங்கள் இசைவும், நாலு வாலிபரின் உழைப்பும். அவ்வுழைப்புக்கு எமது பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டி அமர்கின்றோம்.